முரட்டு மீன்களின் ஒண்டுக்குடித்தனம்

இரவு பதினொரு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது தொட்டியின் அடி மணலில் செதில்கள் மின்னிக்கொண்டிருந்தன. கிரீன் டெரர் மீன் ஹீட்டருக்குப் பின்னால், தலை மேலே வால் கீழே என்று செங்குத்தாக நின்றிருந்தது. வால் துடுப்பு சீப்புப் பல்லைப் போலக் கிழிந்திருந்தது. பழைய மீனான ஜாக் டெம்ப்சியோ ஒன்றுமே நடக்காதது மாதிரி தொட்டியின் நடுவில் உலாத்திக்கொண்டிருந்தது. டெரரை அன்று மதியம்தான் வாங்கி வந்திருந்தேன். விடிவதற்குள் செத்துப்போனது.

"எல்லாம் ஒண்ணாத்தான் சார் இருக்கும், ஒண்ணும் பண்ணாது" என்று கடையில் சொல்லித்தான் கொடுத்தார்கள். அது பொய்யும் இல்லை. கடைத் தொட்டியில் இரண்டு அங்குலக் குஞ்சுகள் நாற்பது ஒன்றாகத்தான் இருந்தன. அங்கே யாருக்கும் சொந்த இடம் கிடையாது, அதனால் சண்டைக்கும் வேலை இல்லை. என் வீட்டு டெம்ப்சியோ எட்டு மாதக் குடித்தனக்காரர். அவர் வீட்டுக்குள் நான் முன்பின் தெரியாத ஒருவரைத் தள்ளிவிட்டு விளக்கை அணைத்துவிட்டேன்.

டெம்ப்சி, டெரர் இரண்டும் சிக்லிட் என்ற மீன் குடும்பம். பெரிய சிக்லிட் மீன்களின் சண்டை பெரும்பாலும் இடச்சண்டை. மீனின் குணத்தை நாம் மாற்ற முடியாது. இடத்தைப் பிரித்துத் தருவதும், யார் முதலில் குடியேறுகிறார் என்பதும் நம் கையில்தான் இருக்கின்றன. புதிதாக இறங்குகிறவர்கள் இந்த இரண்டையும் சரியாகச் செய்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

யாரைச் சேர்க்கலாம்?

சிக்லிட் என்றதும் ஏதோ நமக்குத் தெரியாத சரக்கு என்று நினைக்க வேண்டாம். 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டு இன்று நம் ஏரி குளமெல்லாம் நிறைந்திருக்கும் ஜிலேபி கெண்டையும் இதே குடும்பம்தான். ஜிலேபி குளத்து அடியில் குழி தோண்டி, அந்தக் குழியை மற்றவர்களிடமிருந்து காவல் காப்பதைப் பார்த்திருந்தால், வீட்டுத் தொட்டியில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் அதிகம் கிடைப்பது ஆஸ்கார். அமேசான் பகுதி மீன். கடையில் தீப்பெட்டி அளவில் இருப்பது ஒரு வருடத்தில் பத்து அங்குலத்தைத் தொடும், அப்புறம் 12 அங்குலம் வரை போகும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். உருவத்துக்கு ஏற்ற முரடு இல்லை. கொஞ்சம் கோழை, நிறைய நடிப்பு. தொட்டி மாற்றினால் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டு செத்தது போலக் கிடக்கும். முதல் முறை பார்ப்பவர்கள் அலறிவிடுவார்கள். மறுநாள் எழுந்து சாப்பாடு கேட்கும்.

ஜாக் டெம்ப்சி மெக்சிகோவிலிருந்து ஹோண்டுராஸ் வரை உள்ள நீர்நிலைகளைச் சேர்ந்தது. 1919 முதல் 1926 வரை குத்துச்சண்டையில் உலக ஹெவிவெயிட் பட்டம் வைத்திருந்த அமெரிக்கரின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள். எட்டு முதல் பத்து அங்குலம் வளரும். கிரீன் டெரர் ஈக்வடார், பெரு நாடுகளின் பசிபிக் கரைப் பக்கத்து ஆறுகளிலிருந்து வந்தது, ஏறக்குறைய அதே அளவு. செவரம் எட்டு அங்குலம், இந்தக் கூட்டத்தில் சாது. புதியவர்களுக்கு நான் சொல்வது ஒரு ஆஸ்கார், ஒரு செவரம், அப்புறம் டெம்ப்சி அல்லது டெரர் இவற்றில் ஒன்று. ஆக மூன்று. நான்கு அடித் தொட்டிக்கு அவ்வளவுதான்.

சேர்க்கக் கூடாதவர்கள் பட்டியல் முக்கியம். பிளவர்ஹார்ன் 1990-களில் மலேசியாவில் கலப்பில் உருவாக்கிய மீன். நெற்றி மேட்டுக்காகவும் அதிர்ஷ்டம் வரும் என்ற நம்பிக்கைக்காகவும் வாங்குகிறார்கள். அதிர்ஷ்டம் வருமோ வராதோ, கூட இருக்கிற மீனுக்கு நிச்சயம் வராது. ரெட் டெவில், ஜாகுவார் இரண்டும் அப்படியே. இவையெல்லாம் தனிக்கட்டைகள், தனித் தொட்டியில்தான் அழகு. பிளட் பேரட் நேர்மாறு. அதன் வாய் சரியாக மூடாது, கடித்துத் தற்காத்துக்கொள்ளத் தெரியாது, முரடர்களிடம் மாட்டினால் பாவம். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த நீல, மஞ்சள் மீன்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் அவற்றில் பல பாசி தின்பவை, சாப்பாடே வேறு. அவற்றை நெருக்கமாக நிறைய விட்டு வளர்க்கும் முறையும் வேறு. அந்தக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள்.

இரண்டு விதிகள். ஒரே நிறம், ஒரே உருவம் உள்ள இரண்டு மீன்களைச் சேர்க்காதீர்கள். தன்னைப் போலவே இருப்பவனைத்தான் சிக்லிட் முதல் போட்டியாளனாகப் பார்க்கும். அடுத்தது, ஜோடி வேண்டவே வேண்டாம். கான்விக்ட் என்ற சிறிய சிக்லிட்டின் நான்கு அங்குல ஜோடி முட்டை வைத்துவிட்டால், பத்து அங்குல ஆஸ்காரைக்கூட தொட்டியின் ஒரு மூலையில் ஒடுங்க வைத்துவிடும். நான் பார்த்திருக்கிறேன். பார்க்கச் சிரிப்பாக இருந்தது, ஆஸ்காரின் வாலைப் பார்க்கும் வரை.

தொட்டியும் தரையும்

இரண்டு அடித் தொட்டியில் குஞ்சாக விட்டு, "வளர்ந்த பிறகு பெரிசு வாங்கிக்கலாம்" என்று திட்டம் போடுகிறவர்கள்தான் அதிகம். அந்தப் பெரிசு வருவதற்குள் மீன் வளர்ந்து, அடித்துக்கொண்டு, கதை முடிந்துவிடும். முதலிலேயே 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் போங்கள். சுமார் 450 லிட்டர் பிடிக்கும். நான்கு அல்லது ஐந்து மீன் ஆசை இருந்தால் 6 × 2 × 2, சுமார் 680 லிட்டர். உயரத்தைவிட அகலம் முக்கியம். ஒன்றரை அடி அகலத் தொட்டியில் ஒரு அடி நீள ஆஸ்கார் திரும்பும்போதெல்லாம் எதிரியின் முகத்தில்தான் முட்டும்.

இரண்டு அடி உயரத்துக்கு 12 மி.மீ. கண்ணாடி கேளுங்கள். கண்ணாடி மட்டும் 90 கிலோ வரும், தண்ணீர் 450, கல், மணல், இரும்பு ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்து 600 கிலோவைத் தாண்டும். நம் ஊர் வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். தொட்டி உட்காரும் இடமோ முக்கால் சதுர மீட்டர். தரைத்தளம் என்றால் கவலை இல்லை. மாடி வீடு என்றால் சுவரை ஒட்டி, பீமுக்கு மேல் வைக்க வேண்டும். அதற்கும் முன் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். ஸ்டாண்டுக்கும் தொட்டிக்கும் நடுவே தெர்மாகோல் ஷீட் போடுவதை மறக்க வேண்டாம். மூடி கட்டாயம், அதன் மேல் ஏதாவது பாரமும் வையுங்கள். ஆஸ்கார் குதிக்கும்.

பில்டர், தண்ணீர், பொறுமை

இந்த மீன்கள் நிறையத் தின்று நிறையக் கழிப்பவை. தொட்டியின் மொத்தத் தண்ணீரும் ஒரு மணி நேரத்தில் ஆறு முதல் எட்டு முறை பில்டருக்குள் போய்வர வேண்டும். 450 லிட்டருக்கு 3000 லிட்டருக்குக் குறையாத பம்ப். பெட்டியில் போட்டிருக்கும் எண் பம்ப் தண்ணீரை மேலே ஏற்றாதபோது வருவது, வீட்டில் அதைவிடக் குறையும் என்பதால் ஒரு படி பெரிதாகவே வாங்குங்கள். சம்ப், அதாவது கீழே தனித் தொட்டியில் ஓடும் பில்டர், வைக்க முடிந்தால் அதுதான் சிறப்பு. முடியாவிட்டால் ஒரு கேனிஸ்டரும் (வெளியே வைக்கும் மூடிய டப்பா பில்டர்) அதோடு தொட்டியின் மேல் உட்காரும் ஒரு டாப் பில்டரும். ஒன்று நின்றால் இன்னொன்று ஓடும்.

தொட்டியில் தண்ணீர் நிரப்பிய மறுநாளே மீன் விடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பில்டரில் வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு பில்டரை ஓட விடுங்கள். தெரிந்தவர் தொட்டியில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பில்டரிலிருந்து அழுக்கு ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் காத்திருப்பு பாதியாகும். அழுக்கோடு வேண்டும், கழுவிக் கொடுத்துவிடப் போகிறார். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால்தான் மீன். போர் தண்ணீரின் பி.எச். பல இடங்களில் 8-க்குப் பக்கத்தில் இருக்கும். ஆஸ்காரும் டெம்ப்சியும் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் பி.எச்.சும் வெயிலும் ஏற ஏற அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையான விஷமாகும். சென்னைக் கோடையில் இரண்டும் சேர்ந்தே வரும்.

உள்ளே எப்படி அடுக்குவது

மீன் வருவதற்கு முன் கற்களை வையுங்கள். கல்லை மணல் மேல் வைக்கக் கூடாது. இவை மணலைத் தோண்டும், கல் சரியும், கண்ணாடி உடையும். முதலில் அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட், அதன் மேல் நேரடியாகக் கல், அப்புறம் சுற்றிலும் நன்றாகக் கழுவிய ஆற்று மணல், இரண்டு அங்குலம் போதும். செடி வைத்தால் மறுநாள் காலை மிதக்கும். ஆசைப்பட்டு மறுபடி நட்டுப் பார்த்து, அலுத்து, விட்டுவிடுவீர்கள். நான் மூன்று முறை விட்டேன்.

மறைவிடங்கள் மீனின் எண்ணிக்கையைவிட ஒன்றாவது அதிகம் இருக்க வேண்டும். ஆறு அங்குல பி.வி.சி. பைப்பை ஒரு அடி நீளத்துக்கு வெட்டிப் போடுவது மலிவு, கழுவவும் எளிது. பக்கவாட்டில் உடைந்த பெரிய மண்சட்டியும் சரி. எதுவானாலும் இரண்டு பக்கமும் வழி வேண்டும். ஒரு வாசல் மட்டும் இருந்தால் அது மறைவிடம் இல்லை, பொறி. தொட்டியின் இந்த முனையிலிருந்து பார்த்தால் அந்த முனை தெரியாதபடி நடுவில் உயரமாக ஒரு கல் அல்லது மரக்கட்டை நிற்கட்டும். கண்ணில் படாதவனைத் துரத்த முடியாது. ஹீட்டர் குன்னூர், கொடைக்கானல் பக்கம் கட்டாயம், சமவெளியில் பெரும்பாலும் தேவைப்படாது. வைத்தால் பிளாஸ்டிக் கூடு போட்ட ஹீட்டர் வாங்குங்கள். கண்ணாடிக் குழாயை ஆஸ்கார் வாலால் அடித்து உடைத்துவிடும்.

குடியேற்றும் வரிசை

சிறந்த வழி எல்லாவற்றையும் இரண்டு, மூன்று அங்குலக் குஞ்சாக ஒரே நாளில் விடுவது. யாரும் யாருக்கும் முன்பாக வந்தவர் இல்லை. ஒன்றாக வளரும்போதே யார் பெரியவர், யார் ஒதுங்குகிறவர் என்பது அதிகச் சேதமில்லாமல் முடிவாகும்.

ஒரே நாளில் முடியாது என்றால் சாதுவை முதலில் விடுங்கள், முரடனைக் கடைசியில். செவரம், அப்புறம் ஆஸ்கார், இரண்டு மூன்று வாரம் கழித்து டெம்ப்சி. நான் செய்தது இதற்கு நேர் எதிர், பலனையும் மேலே சொல்லிவிட்டேன். கடைசியாக வரும் முரடன் மற்றவற்றைவிட அளவில் சற்றுச் சிறியதாக இருந்தால் இன்னும் நல்லது.

ஏற்கெனவே ஆள் இருக்கும் தொட்டியில் புதிய மீனை விடுவது தனி வேலை. முடிந்தால் ஒரு விடுமுறை நாள் காலையில் ஆரம்பியுங்கள், நாள் முழுக்க வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். முதலில் பழைய மீன்களுக்கு வயிறு நிறையச் சாப்பாடு. பிறகு கற்கள், பைப்புகள் எல்லாவற்றையும் இடம் மாற்றிவிடுங்கள். நேற்று வரை தன்னுடையதாக இருந்த மூலை இன்று இல்லை என்றானதும் பழைய குடித்தனக்காரரும் புதியவரும் ஒரே நிலைமையில் நிற்பார்கள். விளக்கை அணைத்துவிட்டு, பையைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, கடைசியில் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

மீன் வாங்குவதற்கு முன்பே வாங்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு: தடுப்பு. ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் கட்டத் தகட்டைத் தொட்டியின் அளவுக்கு வெட்டி, மேல்வரை வருகிற மாதிரி தயாராக வைத்திருங்கள். தண்ணீர் போகும், மீன் போகாது. புதியவரைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு வாரம் வைத்தால் இரண்டும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போகும். அப்புறம் தடுப்பை எடுக்கலாம். இந்தத் தகடு அன்றைக்கு என்னிடம் இருந்திருந்தால் டெரர் பிழைத்திருக்கும். சும்மா கிடக்கும் இரண்டு அடித் தொட்டி ஒன்றையும் விற்காமல் வைத்திருங்கள்.

எது மிரட்டல், எது அடி

முதல் வாரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். இரண்டு மீன்கள் பக்கவாட்டில் இணையாக நின்று துடுப்பெல்லாம் விரித்து, வாலால் தண்ணீரை ஒருவர் மேல் ஒருவர் தள்ளும். செவுள் மூடிகளை விரித்து முகத்தைப் பெரிதாக்கிக் காட்டும். நிறம் அடர்ந்து கோடுகள் கறுக்கும். இவையெல்லாம் வாய்ச்சண்டை மாதிரிதான், தலையிட வேண்டாம். அடுத்த கட்டம் வாயோடு வாய் கவ்விக்கொண்டு முன்னும் பின்னும் இழுப்பது. பார்க்கப் பயமாக இருந்தாலும், சம பலம் உள்ள இரண்டு மீன்கள் சில நொடிகள் இழுத்துப் பார்த்து, ஒன்று நிறம் வெளுத்து, துடுப்பை மடக்கிக்கொண்டு விலகிவிட்டால் வழக்கு தீர்ந்தது.

விலகிய பிறகும் துரத்தல் நிற்கவில்லை என்றால்தான் கவலை. தோற்ற மீனுக்கு ஓடிப்போக இடம் இருப்பதில்லை. காட்டாற்றில் பத்து அடி விலகினால் போதும், தொட்டியில் அந்தப் பத்து அடி கிடையாது. ஒரு மீன் மேல்மட்டத்தில் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றாலோ, சாப்பாட்டுக்கு வராவிட்டாலோ, செதில் உதிர்ந்திருந்தாலோ அப்போதே தடுப்பைப் போடுங்கள். "காலையில பாத்துக்கலாம்" என்ற நினைப்புதான் மீனைக் கொல்லும்.

ஆறு அடித் தொட்டி வைத்திருப்பவர்கள் ஐந்தாறு சில்வர் டாலர் மீன்களைக் கூட்டமாக விடலாம். வேகமானவை, தட்டையாக அகலமாக வளர்வதால் எளிதில் விழுங்க முடியாது. மேலே அவை அமைதியாகச் சுற்றிக்கொண்டிருந்தால் கீழே உள்ளவர்களின் கவனமும் கொஞ்சம் சிதறும்.

சாப்பாடும் தண்ணீர் மாற்றமும்

நல்ல பெல்லெட் தீவனம் அடிப்படை. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. வாரம் ஒரு நாள் பட்டினி. சிக்லிட்டுக்குத் தொண்டையில் இன்னொரு ஜோடித் தாடை உண்டு, வாயால் பிடித்ததை அங்கேதான் அரைக்கும். காதைக் கண்ணாடியோரம் வைத்தால் பெல்லெட் நொறுங்கும் சத்தம் சில சமயம் கேட்கும். இடையிடையே தோலுரித்த இறால், மண்புழு கொடுக்கலாம். கோழி, மாட்டிறைச்சிக் கொழுப்பு அவற்றுக்குச் செரிக்காது. உயிருள்ள கோல்டுபிஷ்ஷைப் போட்டு வேடிக்கை பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நோய் வரும், கோல்டுபிஷ்ஷின் உடலில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்தும்விடும். சாப்பாட்டைத் தொட்டியின் இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் போட்டால் பெரியவரால் இரண்டையும் காவல் காக்க முடியாது.

வாரம் ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்ட விடாதீர்கள். அழுக்குத் தண்ணீரில் வளரும் ஆஸ்காருக்குத் தலையில் குழி குழியாகப் புண் வருவது வழக்கம். மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும், ஆன்ட்டி குளோரின் சொட்டு மருந்தை அளவு பார்த்துக் கலக்கிவிட்டு ஊற்றுங்கள். பில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள்.

வெயில் காலத்தில் இந்த வேலையை விடியற்காலையில் முடித்துவிடுங்கள். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தொட்டித் தண்ணீர் 25 முதல் 28 டிகிரி இருப்பது நல்லது. 31, 32 ஆனால் ஆக்சிஜன் குறையும், மேலே வந்து வாய் பிளக்கும். கூடுதலாக ஒரு ஏர் பம்ப், மூடியைச் சற்றுத் திறந்து அதன் மேல் வலை, எதிரே ஒரு மேஜை விசிறி, இவை இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். மின்வெட்டுக்குப் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று எப்போதும் சார்ஜ் ஏறியே இருக்கட்டும்.

அடிபட்ட மீனைச் சிறிய தொட்டியில் தனியாக விட்டு, சுத்தமான தண்ணீரில் 100 லிட்டருக்கு 100 முதல் 200 கிராம் கல்லுப்பு கரைத்து வைத்தால் கிழிந்த துடுப்பு பெரும்பாலும் சில வாரங்களில் வளர்ந்துவிடும். கண்டதையும் ஊற்ற வேண்டாம். ஆனால் குணமானதும் பழைய தொட்டியிலேயே, பழைய அடுக்கிலேயே திரும்ப விட்டால் அடித்தவன் மறக்காமல் காத்திருப்பான். கற்களைக் கலைத்துவிட்டு, தடுப்போடு ஆரம்பியுங்கள்.

சில மீன்கள் எதற்கும் படியாது. இரண்டு முறை தடுப்பு போட்டு எடுத்தும் அடித்தால் அது தனிக்கட்டை. வாங்கிய கடையிலோ, பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள். ஏரியில் மட்டும் கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டியில் பாசி தின்னட்டும் என்று வாங்கி, பெரிதானதும் குளத்தில் விட்ட சக்கர் மீன் இன்று மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. கடைக்குக் கொண்டுபோகும்போது மூடி இறுகப் பூட்டும் வாளியாக எடுத்துப் போங்கள். என் டெம்ப்சி ஷேர் ஆட்டோவில் ஒரு பாட்டியின் மடியில் குதித்தது.